ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்தால் போதுமா? கொலஸ்ட்ராலும் இதயமும்: முழுமையான வழிகாட்டி

ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலையும் கொழுப்பையும் அளக்கும் லிப்பிட் ப்ரொஃபைல் டெஸ்டின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் முதல் வரியைத்தான் பார்க்கிறார்கள். டோட்டல் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழே இருந்தால் தாளை மடித்து பீரோவில் வைத்துவிடுவார்கள், மேலே இருந்தால் ஒரு மாதத்துக்கு முட்டையை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். இரண்டுமே எனக்குக் கவலை தருகின்றன. அந்தத் தாளில் நமக்கு மிகக் குறைவாக உதவுவது அந்த முதல் வரிதான். பக்கத்தில் லேப் அச்சடித்துக் கொடுக்கும் ‘நார்மல்’ எல்லோருக்கும் பொதுவானது. உங்களுக்கு சுகர் இருக்கிறதா, சிகரெட் பிடிக்கிறீர்களா, உங்கள் அப்பாவுக்கு 48 வயதில் மாரடைப்பு வந்ததா என்பதெல்லாம் லேபுக்குத் தெரியாது.

டாக்டர் முன்னால் நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் சரியான கேள்வியைக் கேட்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: முதலில், கொலஸ்ட்ரால் விஷம் இல்லை

உடம்பில் ஒவ்வொரு செல்லின் சவ்வுக்கும் கொலஸ்ட்ரால் வேண்டும். வைட்டமின் டி, ஆண்-பெண் ஹார்மோன்கள், சாப்பாட்டுக் கொழுப்பைச் செரிக்க வைக்கும் பித்தநீர் எல்லாம் அதிலிருந்துதான் உருவாகின்றன. அதில் பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டிலிருந்து வருவது சிறு பங்கு. இதனால்தான் சுத்த சைவம் சாப்பிடுகிறவருக்கும், ஒல்லியாக இருப்பவருக்கும் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. “நான் கறியே தொடமாட்டேன், எனக்கு எப்படி?” என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் கரையாது. அதனால் புரதம் போர்த்திய சிறு சிறு துகள்களில் ஏற்றித்தான் உடம்பு அதை அனுப்புகிறது. எல்.டி.எல் என்பது கொலஸ்ட்ராலை உடம்பு முழுக்கக் கொண்டுபோகும் துகள். ஹெச்.டி.எல் மிச்சத்தைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுவருவது. டிரைகிளிசரைடு என்பது கொலஸ்ட்ராலே இல்லை, உடம்பு சக்திக்காகச் சேர்த்து வைக்கும் கொழுப்பு. ஆனாலும் அதே ரிப்போர்ட்டில் வரும், நம் ஊரில் அதற்கு ஒரு தனி முக்கியத்துவமும் உண்டு, பின்னால் வருகிறேன்.

படி 2: அடைப்பு எப்படி உருவாகிறது என்று ஒருமுறை சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

இது புரியாவிட்டால் மற்ற எந்தப் படியும் பிடிபடாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரத்தக்குழாயின் உள்பக்கம் கொழுப்பு ஒட்டிக்கொண்டு படிப்படியாக அடைத்துவிடும் என்றுதான் நாம் கற்பனை செய்கிறோம். உண்மையில் அது குழாயின் சுவருக்குள்ளே நடக்கிறது. ரத்தத்தில் எல்.டி.எல் துகள்கள் அதிகமாக இருக்கும்போது அவற்றில் சில உள்சுவரைத் தாண்டி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்கின்றன. உயர் ரத்த அழுத்தமும் சுகரும் புகையும் சுவரைக் கெடுத்து வைத்திருந்தால் இன்னும் சுலபமாகப் போகும். சிக்கிய துகளைச் சுத்தம் செய்ய வெள்ளை அணுக்கள் வருகின்றன, விழுங்குகின்றன, அளவுக்கு மீறி விழுங்கி அங்கேயே மடிகின்றன. வருஷக்கணக்கில் இது நடக்க நடக்கச் சுவருக்குள் கொழகொழப்பான ஒரு திட்டு உருவாகி, அதன் மேல் பாலாடை போல ஒரு மூடி படிகிறது.

மாரடைப்பு வரும் தருணம் பெரும்பாலும் அந்த மூடி கிழியும்போதுதான். கிழிந்த இடத்தில் உடம்பு அதைக் காயம் என்று நினைத்து ரத்தத்தை உறைய வைக்கிறது, அந்த ரத்தக்கட்டி சில நிமிஷங்களில் குழாயை முழுவதும் அடைத்துவிடுகிறது. முந்தின நாள்வரை அந்த இடத்தில் அடைப்பு பாதிகூட இல்லாமல் இருந்திருக்கலாம். போன மாதம் ஈசிஜி நார்மல், டிரெட்மில் டெஸ்ட் நார்மல் என்று சொன்ன மனிதருக்கு இந்த மாதம் மாரடைப்பு வருவது இப்படித்தான். டிரெட்மில் டெஸ்ட் ரத்த ஓட்டத்தைப் பெரிய அளவில் தடுக்கும் அடைப்பைக் காட்டும். சுவருக்குள் இருக்கும் மெல்லிய மூடி போட்ட சின்னத் திட்டை அது காட்டாது.

இன்னொன்று, இது ஐம்பது வயதில் தொடங்கும் வேலை இல்லை. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்து 1953-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களின் சராசரி வயது 22. அவர்களில் 77 சதவீதம் பேரின் இதய ரத்தக்குழாய்களில் ஏற்கெனவே பாதிப்பின் அடையாளம் இருந்தது. எனவே கணக்கு ‘எல்.டி.எல் எவ்வளவு’ என்பதோடு முடிவதில்லை, ‘எத்தனை வருஷமாக’ என்பதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். 35 வயதில் எல்.டி.எல் 160 இருப்பவர் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று இருப்பது இதனால்தான் ஆபத்து. ஒன்றும் செய்யாது, வலிக்காது, தலை சுற்றாது. பெரும்பாலானவர்களுக்குக் கொலஸ்ட்ராலுக்கு அறிகுறி என்று எதுவுமே கிடையாது.

படி 3: டெஸ்ட் எடுப்பது

18 வயது ஆனவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்று 2024-இல் இதய மருத்துவர்களின் அமைப்பான கார்டியாலஜிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியா வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. குடும்பத்தில் இள வயது மாரடைப்பு இருந்தால் அதற்கு முன்பே.

வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்பது இப்போது கட்டாயம் இல்லை. சாப்பிட்டு எடுத்தால் டிரைகிளிசரைடு கொஞ்சம் கூடத் தெரியும், மற்ற எண்கள் பெரிதாக மாறாது. சாப்பிட்டு எடுத்ததில் டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் 10, 12 மணி நேரம் பட்டினியாக இருந்து மறுபடி எடுங்கள், தண்ணீர் குடிக்கலாம். காய்ச்சல், ஆபரேஷன் முடிந்த கையோடு எடுக்காதீர்கள், எண்கள் குறைத்துக் காட்டும். மாரடைப்பு வந்து ஓரிரு நாள் கழித்து எடுத்த ரிப்போர்ட்டும் அப்படித்தான், அதைப் பார்த்து “கொலஸ்ட்ரால் நார்மல்தானே, பிறகு எப்படி வந்தது” என்று குழம்ப வேண்டாம். கர்ப்ப காலத்தில் இயல்பாகவே ஏறும்.

படி 4: ரிப்போர்ட்டை வாசிப்பது

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வயது 48, ஆறு வருஷமாக சுகர். ரிப்போர்ட் இப்படி இருக்கிறது (எல்லாமே ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு):

டோட்டல் கொலஸ்ட்ரால் 196
ஹெச்.டி.எல் 34
டிரைகிளிசரைடு 230
எல்.டி.எல் 116

டோட்டல் 200-க்குக் கீழே, லேப் பக்கத்தில் எதுவும் குறிக்கவில்லை. எல்.டி.எல் 130-க்குக் கீழே, அதற்கும் குறி இல்லை. டிரைகிளிசரைடு மட்டும் தடித்த எழுத்தில். வீட்டில் எல்லோரும் “கொலஸ்ட்ரால் நார்மல், கொழுப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி” என்று முடித்துவிடுவார்கள்.

இப்போது ஒரு கழித்தல் போடுங்கள். 196-இல் 34-ஐக் கழித்தால் 162. இதற்குப் பெயர் நான்-ஹெச்.டி.எல். குழாய்ச் சுவருக்குள் புகுந்து கெடுதல் செய்யக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ராலை ஒன்றாகச் சேர்த்த எண் இது. சுகர் உள்ள இவருக்கு இது 100-க்குக் கீழே இருக்க வேண்டும். எல்.டி.எல் 70-க்குக் கீழே இருக்க வேண்டும். ஆக ‘நார்மல்’ என்று மடித்து வைத்த ரிப்போர்ட்டில் இரண்டு முக்கியமான எண்களும் இருக்க வேண்டியதைவிட மிகவும் மேலே இருக்கின்றன.

பல லேப்கள் எல்.டி.எல்-ஐ நேரடியாக அளப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டோட்டலிலிருந்து ஹெச்.டி.எல்-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறார்கள். மேலே உள்ள உதாரணத்தில் 196 − 34 − 46 = 116. 1972-இல் வந்த இந்தச் சூத்திரம் டிரைகிளிசரைடு கூடக் கூடப் பிசகும், எல்.டி.எல்-ஐ உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும், 400-க்கு மேல் போனால் உதவவே உதவாது. அந்தச் சமயத்தில் நான்-ஹெச்.டி.எல்-ஐ நம்புங்கள், அல்லது ‘டைரக்ட் எல்.டி.எல்’ கேளுங்கள்.

டிரைகிளிசரைடு அதிகம், ஹெச்.டி.எல் குறைவு, எல்.டி.எல் பார்வைக்குப் பரவாயில்லை என்ற இந்தச் சேர்க்கை தெற்காசியர்களிடம் மிகவும் சகஜம். கூடவே தொப்பை, ஃபேட்டி லிவர், சுகர் அல்லது சுகரின் ஆரம்பம். இந்த நிலையில் எல்.டி.எல் துகள்கள் சிறிதாக, எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும். மற்ற நாட்டினரைவிட நம்மவர்களுக்கு இள வயதிலேயே மாரடைப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெச்.டி.எல்-ஐ ‘நல்ல கொலஸ்ட்ரால்’ என்று சொல்லிச் சொல்லி, அது அதிகமாக இருந்தால் எல்.டி.எல் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை என்ற நம்பிக்கை வந்துவிட்டது. அப்படி இல்லை. ஹெச்.டி.எல்-ஐ மாத்திரையால் ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு எதிர்பார்த்தபடி குறையவில்லை. குறைவான ஹெச்.டி.எல் ஓர் எச்சரிக்கை, அவ்வளவுதான். இறக்க வேண்டியது எல்.டி.எல்.

படி 5: உங்களுடைய எல்லை எது?

மேலே சொன்ன இந்திய வழிகாட்டுதலின்படி, வேறு பிரச்சினை எதுவும் இல்லாதவர்களுக்கு எல்.டி.எல் 100-க்குக் கீழே, நான்-ஹெச்.டி.எல் 130-க்குக் கீழே. சுகர், பிரஷர் உள்ளவர்கள் அதிக ஆபத்துப் பிரிவு, அவர்களுக்கு 70, நான்-ஹெச்.டி.எல் 100. ஏற்கெனவே மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், பக்கவாதம் வந்தவர்களுக்கும் நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் 55-க்குக் கீழே.

55 என்றால் ரொம்பக் குறைவாயிற்றே, உடம்புக்குக் கொலஸ்ட்ரால் வேண்டாமா என்று கேட்பது நியாயம்தான். செல்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். பிறந்த குழந்தையின் எல்.டி.எல் பெரும்பாலும் 50-க்குக் கீழேதான், அந்த அளவில்தான் அதன் மூளையும் உடம்பும் வேகமாக வளர்கின்றன.

படி 6: வேறு எதுவும் ஏற்றிவிடுகிறதா?

எல்.டி.எல் திடீரென்று ஏறியிருந்தால் முதலில் தைராய்டு பாருங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் கொலஸ்ட்ரால் ஏறும், அதைச் சரிசெய்தாலே பல நேரம் இறங்கிவிடும். சிறுநீரில் புரதம் போவது, ஸ்டீராய்டு மாத்திரைகள், கட்டுப்பாட்டில் இல்லாத சுகர், மது ஆகியவையும் காரணமாகலாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எல்.டி.எல் ஏறும், அதுவரை ஆண்களைவிடப் பாதுகாப்பாக இருந்தவர்கள் அந்த வயதில் ஒருமுறை மறுபடி டெஸ்ட் எடுப்பது அவசியம்.

படி 7: சாப்பாடு

முட்டையில் ஆரம்பிக்கிறேன். ஒரு மஞ்சள் கருவில் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் எல்.டி.எல்-ஐ அதிகம் ஏற்றுவது சாப்பாட்டில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்புதான். அது கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்-ஐ இழுத்துக்கொள்ளும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு முட்டை பிரச்சினை இல்லை. சுகரோ இதய நோயோ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டையை நிறுத்திவிட்டு நெய் ரோஸ்ட் சாப்பிடுவதில் அர்த்தமில்லை.

எண்ணெய்க்கு வருவோம். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நெய்யில் பாதிக்கு மேல். பாமாயிலில் ஏறக்குறைய பாதி. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான், மணமும் சத்தும் கூடலாம், கொழுப்பின் தன்மை மாறாது. பாட்டிலில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள், தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது.

எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்பது பெரிய கேள்வி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். மாதம் எத்தனை பாக்கெட் தீர்கிறது என்று எண்ணிப் பார்த்தால் பல வீடுகளில் இதைவிட இரட்டிப்பாக இருக்கும். வெளியில் சாப்பிடும் பஜ்ஜி, வடை, பரோட்டா அந்தக் கணக்கில் வராது. டால்டா வகை வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீத வரம்பு வந்துவிட்டது, நல்ல விஷயம். ஆனால் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயை நாம்தான் தவிர்க்க வேண்டும், வீட்டில் அப்பளம் பொரித்த எண்ணெயும் சேர்த்தே சொல்கிறேன்.

டிரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்கள் எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு ஏன் இறங்கவில்லை என்று கேட்கிறார்கள். அதை ஏற்றுவதில் சோற்றுக்கும் சர்க்கரைக்கும் மதுவுக்கும் பெரும் பங்கு. காலை இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் சர்க்கரை போட்ட டீ-பிஸ்கட், ராத்திரி தோசை என்று நாள் முழுக்க மாவுச்சத்து போனால், மிஞ்சியதைக் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றித்தான் அனுப்பும். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கூட்டு, பொரியல், பருப்பு, சுண்டல் வைத்துப் பாருங்கள், சில வாரங்களிலேயே எண் அசையும்.

சேர்க்க வேண்டியவை நம் சமையலறையிலேயே இருக்கின்றன. பயறு வகைகள், கொள்ளு, வெண்டைக்காய், அவரை, ஓட்ஸ், கொய்யா. இவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றும், அதை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுக்கும். தினம் ஒரு கைப்பிடி நிலக்கடலை அல்லது பாதாம், பொரிக்காமல். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தியும் அயிலையும் விலைக்கும் சத்துக்கும் மிக நல்லவை, குழம்பாக வையுங்கள்.

இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர், தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரையும் என்று ஒரு செய்தி பல வருஷமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது அடைப்பைக் கரைக்காது. பூண்டுக்கும் வெந்தயத்துக்கும் கொலஸ்ட்ராலைச் சிறிதளவு குறைக்கும் குணம் உண்டு, சமையலில் தாராளமாகச் சேருங்கள். ஸ்டென்ட் வைத்தவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

படி 8: நடையும் புகையும்

வாரம் 150 நிமிஷம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடை. இது டிரைகிளிசரைடையும் சுகரையும் நன்றாகக் குறைக்கும், எல்.டி.எல்-ஐக் கொஞ்சம்தான். அதனால் “தினமும் வாக்கிங் போகிறேன், மாத்திரை எதற்கு” என்பது எல்லோருக்கும் பொருந்தாது. சிகரெட், பீடி, புகையிலை மூன்றுக்கும் ‘குறைத்துக்கொள்வது’ என்ற கணக்கே இல்லை, நிறுத்த வேண்டும்.

படி 9: மாத்திரை

1970-களின் தொடக்கத்தில் ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கும் பொருளை ஒரு பூஞ்சையில் கண்டுபிடித்தார். ஸ்டாட்டின்கள் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரைகள் வந்தது அந்த வழியில்தான். 1994-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, ஸ்டாட்டின் எடுத்தவர்களிடம் மரணம் 30 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், எல்.டி.எல்-ஐ ஏறக்குறைய 40 குறைத்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன.

படி 4-இல் பார்த்தவருக்கு வருவோம். 116-லிருந்து 70-க்குக் கீழே வர 40 சதவீதம் இறங்க வேண்டும். சாப்பாட்டைச் சரிசெய்தால் பத்து, பதினைந்து சதவீதம் இறங்கலாம். மீதிக்கு மாத்திரை வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டின் 20 அல்லது ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் ஏறக்குறைய அந்த வேலையைச் செய்யும். எது, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். டோஸை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும் என்பதால், போதாதபோது எசெடிமைப் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள். இந்த இரண்டு ஸ்டாட்டின்களையும் எந்த நேரத்திலும் எடுக்கலாம், மறக்காத நேரம்தான் நல்ல நேரம்.

தொடங்கி 6 முதல் 8 வாரத்தில் மறுபடி டெஸ்ட். இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். ரிப்போர்ட் நன்றாக வந்ததும் “சரியாகிவிட்டது” என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். அந்த எண் மாத்திரையால் வந்தது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும்.

பக்கவிளைவு பற்றிய பயத்தை நான் தள்ளிவிடவில்லை. சிலருக்குத் தசை வலி வருகிறது, சுகரின் விளிம்பில் இருப்பவர்களுக்குச் சர்க்கரை சற்று ஏறலாம், அரிதாகக் கல்லீரல் என்சைம் ஏறும். ஆனால் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. பக்கவிளைவு என்று ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு ஒரு வருஷத்துக்கு மாதம் ஒரு பாட்டில் கொடுத்தார்கள்: நாலில் ஸ்டாட்டின், நாலில் வெற்று மாத்திரை, நாலு காலி. 2020-இல் வந்த முடிவின்படி, ஸ்டாட்டின் மாதங்களில் கூடுதலாக இருந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரை மாதங்களிலும் இருந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை, வலிக்கான காரணம் பல நேரம் மாத்திரை இல்லை என்பதுதான். வலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், டோஸையோ மருந்தையோ மாற்றலாம். தசையில் கடுமையான வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு அன்றே போய்க் காட்டுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வேறு நோய்க்கு ஆன்டிபயாடிக் எழுதும்போது ஸ்டாட்டின் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள், கிளாரித்ரோமைசின் போன்றவை சில ஸ்டாட்டின்களோடு ஒத்துப்போகாது.

படி 10: குடும்பத்தையும் பாருங்கள்

மாத்திரை எடுக்காத நிலையில் எல்.டி.எல் 190-க்கு மேல் இருந்தால் அது சாப்பாட்டால் மட்டும் வந்திருக்க வாய்ப்பு குறைவு. ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்-ஐ எடுக்கும் மரபணுவில் குறை இருக்கிறது. குதிகாலுக்கு மேல் உள்ள தசைநாண் தடித்திருப்பது, விரல் மூட்டுகளின் பின்பக்கம் கட்டிகள், 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் எல்லாம் இதன் அடையாளங்கள். அவருடைய பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, எல்லோரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டிக்கொள்வது வழக்கம் என்பதால் ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா இருவரிடமும் இந்தக் குறை இருந்தால் குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் வரலாம். அப்போது எல்.டி.எல் 500-ஐக்கூடத் தாண்டும், முழங்கை, முழங்காலில் மஞ்சள் கட்டிகள் தெரியும், பள்ளி வயதிலேயே இதய நோய் வரும். அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் இப்படிப்பட்ட நோயாளிகளின் செல்களை ஆராய்ந்துதான் எல்.டி.எல்-ஐ உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்து 1985-இல் நோபல் வாங்கினார்கள். குழந்தையின் தோலில் அப்படிக் கட்டி தெரிந்தால் தோல் மருத்துவரோடு நின்றுவிடாமல் லிப்பிட் டெஸ்ட் கேளுங்கள்.

லைப்போபுரோட்டீன்-ஏ என்று இன்னொரு டெஸ்ட் உண்டு, எல்.டி.எல் போன்ற, பரம்பரையாக வரும் ஒரு துகளை அளப்பது. வழக்கமான லிப்பிட் ப்ரொஃபைலில் வராது, தனியாகக் கேட்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் போதும். இந்தியர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இது 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஸ்டாட்டினால் இது இறங்காது, ஆனால் அதிகம் என்று தெரிந்தால் எல்.டி.எல், பிரஷர், சுகர் எல்லாவற்றையும் இன்னும் கறாராகப் பிடிக்க வேண்டும். குடும்பத்தில் 55 வயதுக்குள் ஆணுக்கோ 65 வயதுக்குள் பெண்ணுக்கோ மாரடைப்பு வந்திருந்தால் இந்த டெஸ்டை விடாதீர்கள்.

படி 11: நெஞ்சில் ஏதாவது என்றால்

நெஞ்சில் அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை. பெண்களுக்கும் சுகர் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுவாங்கலும் சோர்வும் குமட்டலும் மட்டும் வரலாம். வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள், பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அடைத்த குழாயைத் திறக்கும் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். தமிழ்நாட்டில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஊர் தள்ளி இருந்தால் அங்கே போவதும் நேரத்தை மிச்சப்படுத்தும். என்ன மாத்திரை, எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று எழுதிய சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த ஆஸ்பத்திரியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.